சபராளி வீடு: எண்ணிக்கைக்கு உள்ளும் வெளியும்

அரபு மொழியில் குடும்பத்தைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. ‘பைத்’ என்றால் வீடு. இரவைக் கழித்தல் எனும் பொருள்படும் ‘பாத்த’ என்ற வினைச்சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. ஆக, ஒருவர் இரவில் தங்குமிடம் எதுவோ அதுவே அவருடைய பைத். ‘உஸ்ரா’ என்பதன் வேரில் கட்டுதல், பிணைத்தல் எனும் பொருள் பொதிந்துள்ளது; ஒருவருக்குப் பக்கபலமாக நிற்கும் இரத்த உறவுக் கூட்டத்தை அது சுட்டும். ‘இயால்’ என்பது ஒருவருடைய பொறுப்பில் உண்டு உடுத்து வாழ்வோரைக் குறிக்கும். வாழ்க்கைச் செலவை ஏற்றல் எனும் பொருள் அதற்குள் இருக்கிறது.

அரபுக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இச்சொற்களைக் கற்பிக்கும்போது, மூன்றுக்கும் ‘குடும்பம்’ என்றே பொருள் எழுதச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வது என் நெடுநாள் வழக்கம். ஒரே கூரையின் கீழ் உறங்கி, இரத்த உறவால் பிணைந்து, ஒருவரின் சம்பாத்தியத்தில் வாழும் வீட்டை மனத்தில் கொண்டால் அம்மொழிபெயர்ப்பில் பிழை ஏதும் தோன்றாது. ஆனால், வீட்டிலிருந்து ஒருவர் கடல் கடந்து சென்றவுடன் இம்மூன்று சொற்களும் மூன்று திசைகளில் பிரிந்துவிடுகின்றன. அவர் உறங்குவது ஓரிடம், உறவு மற்றோரிடம், அவருடைய ஊதியத்தில் உலை கொதிப்பது வேறோரிடம். அப்போது ‘குடும்பம்’ என்று எதை எண்ணுவது? மக்கள்தொகை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக விடை தேடிவரும் இந்த வினாவை எனக்கு அறிமுகப்படுத்தியது எங்கள் மஹல்லாப் பதிவேடு.

தலைக்கட்டு

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஜமாஅத்தின் பழைய பதிவேட்டைப் புதுப்பிக்க முடிவாயிற்று. எழுதத் தெரிந்த இளைஞர் இருவரோடு என்னையும் வீடு வீடாகச் சென்றுவரப் பணித்தார்கள். பதிவேட்டின் முதற்கட்டம் தலைக்கட்டு எண். இரண்டாவது தலைவர் பெயர். பிறகு தொழில், உறுப்பினர் தொகை, வரி நிலுவை. தலைக்கட்டு என்பது தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவை. மணமான ஆண் ஒருவரைத் தலையாகக் கொண்டது அது. கோயில் வரியும் குளத்து வரியும் அப்படித்தான் பிரிக்கப்பட்டன. பள்ளிவாசல் வரியும் அவ்வாறே.

ஒரு வீட்டில், பாதி திறந்த கதவுக்குப் பின்னிருந்து ஒரு பெண் பதில் சொன்னார். தலைவர் பெயரைக் கேட்டபோது கணவரின் பெயரைச் சொன்னார். “இருக்கிறாராம்மா?” என்றேன். “சபர்ல இருக்காங்க ஹஜ்ரத். வர்ற பெருநாளைக்கு மூணு வருசம் ஆவுது” என்றார். வீட்டில் அவரும் இரண்டு பிள்ளைகளும் படுக்கையிலிருக்கும் மாமியாரும் இருந்தனர். எழுதி முடித்துப் புறப்படும்போது கூடத்தில் மூடிவைத்திருந்த தூக்குச்சட்டி கண்ணில் பட்டது. “பக்கத்துத் தெருவுல உம்மா தனியா இருக்காங்க. அவங்களுக்கும் இங்கிருந்துதான் சோறு போவுது” என்றார், கேளாமலே.

அடுத்த தெருவில் அந்தத் தாயாரின் பெயரைப் பழைய பதிவேட்டில் தேடினோம். அவர் கணவர் காலமான ஆண்டில் அவ்வீட்டின் தலைக்கட்டு எண் மீது ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. மகன்மார் இருவரும் வேறு ஊர்களில் வேறு ஜமாஅத்துகளின் உறுப்பினர்கள். மருமகனின் தலைக்கட்டில் மாமியாரைச் சேர்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ரமளானில் அரிசி வழங்கும் பட்டியல் தலைக்கட்டு எண் வரிசைப்படி தயாராகும். கணவர் இறந்த நாள் முதல் அம்மூதாட்டி எந்த எண்ணிலும் இல்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் இல்லை. அவரை யாரும் வேண்டுமென்று விலக்கவில்லை. அவரை ஏற்கும் கட்டம் பதிவேட்டில் இல்லாமற்போயிற்று, அவ்வளவுதான்.

இரவும் அடுப்பும்

இத்தகைய இடர்ப்பாடு எங்கள் பதிவேட்டுக்கு மட்டும் உரியதன்று. அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே வினாவோடு மல்லாடியே வளர்ந்தது. இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் எண்ணும் முறை 1881இல் தொடங்கியது. 1931 வரை ஒரு குறிப்பிட்ட இரவில் யார் எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேயே அவர் எண்ணப்பட்டார். அரபு அகராதியின் சொல்லில் கூறுவதானால், பைத் அடிப்படையிலான எண்ணிக்கை அது. நாடு முழுவதும் ஓரிரவில் எண்ணி முடிப்பதற்குப் பெரும் ஆட்படை தேவைப்பட்டது. வழிப்போக்கரும் விருந்தினரும் தத்தம் ஊரில் சேராமல் வேற்றூரில் சேர்ந்தார்கள். 1941 முதல் அம்முறை கைவிடப்பட்டு, சில வாரங்களுக்கு நீடிக்கும் கணக்கெடுப்பு நடைமுறைக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடைபெற்றது. அதில் வீடற்றோர் மட்டும் பிப்ரவரி 28 அன்று இரவில் எண்ணப்பட்டனர். இரவைக் கொண்டு எண்ணும் பழைய முறை, இரவில் தங்க வீடில்லாதவர்களுக்கென்று மட்டும் எஞ்சி நிற்கிறது.

இரவு விலகிய இடத்தில் அடுப்பு வந்தது. வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, பொதுச் சமையலறையில் சமைத்த உணவை உண்போரே ஒரு குடும்பம் என்பது இந்தியக் கணக்கெடுப்பின் இலக்கணம். உறவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டினால் இரண்டு குடும்பம். உறவே இல்லாத நால்வர் ஓர் அறையில் கூட்டாகச் சமைத்து உண்டால் ஒரு குடும்பம். 2011இல் இந்தியாவில் இவ்வாறு ஏறக்குறைய 24.67 கோடி குடும்பங்கள் எண்ணப்பட்டன. மக்கள்தொகை 121 கோடி என்பதால், சராசரியாகக் குடும்பத்திற்கு ஐவர். தமிழ்நாட்டில் அது நான்கு பேருக்கும் சற்றுக் குறைவு.

அடுப்பு நல்ல அளவுகோல். அரிசிக் கணக்கும் எரிபொருள் கணக்கும் அதனைக் கொண்டே சரியாக வரும். ஆனால், அடுப்புக்கு விறகு யார் தருகிறார் என்ற வினாவை அது எழுப்புவதில்லை. கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளிநாட்டில் இருப்பவர் அந்த 121 கோடியில் சேர மாட்டார். நான் கண்ட வீட்டில் கணவர் இல்லாதவராகிவிடுவார். மனைவியோ மாமியாரோ குடும்பத் தலைவராக எழுதப்படுவார். ‘பெண் தலைமைக் குடும்பம்’ எனும் வரிசையில் மாதந்தோறும் பணம் வந்து சேரும் சபராளியின் மனைவியும், யாதொரு வரவும் இல்லாத கைம்பெண்ணும் அடுத்தடுத்து நிற்பார்கள். எங்கள் பதிவேடு இல்லாதவரைத் தலைவராக்கிற்று. அரசின் கணக்கோ அந்தத் தலைவரையே இல்லாதவராக்குகிறது.

கேரளம் கேட்ட கேள்வி

இக்குறையை நிறைக்கும் முயற்சிகளில் இந்தியாவில் முன்னோடியாக விளங்குவது கேரளப் புலம்பெயர்வு ஆய்வு. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த கே.சி. சக்கரியா, ஈ.டி. மாத்யூ, எஸ். இருதயராஜன் ஆகியோர் 1998இல் இதனைத் தொடங்கினர். முதற்சுற்றில் 10,000 வீடுகள்; 2018இல் 15,000; 2023இல் 20,000. ஆய்வாளர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருப்போரை எழுதிக்கொண்ட பின்னர், இன்னொரு கேள்வியையும் கேட்டனர்: இவ்வீட்டின் உறுப்பினராக இருந்து, இப்போது வெளிநாட்டில் வாழ்பவர் எவரேனும் உண்டா? போய்த் திரும்பியவர் உண்டா? எவ்வளவு பணம் வருகிறது? அது எதற்குச் செலவாகிறது?

இருப்பவரிடம் இல்லாதவரைப் பற்றிக் கேட்கும் இந்த எளிய முறையால், அதுவரை ஊகமாக இருந்தவை எண்களாயின. 1998இல் கேரளத்திலிருந்து வெளிநாடு சென்றிருந்தோர் சுமார் 13.6 லட்சம். அது 2003இல் 18.4 லட்சமாகவும், 2008இல் 21.9 லட்சமாகவும், 2014இல் 24 லட்சமாகவும் உயர்ந்தது. 2018இல் 21.2 லட்சமாக இறங்கி, 2023இல் 22 லட்சமாக நின்றது. அம்மாநில மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்கினராகிய முஸ்லிம்கள், 1998இல் வெளிநாடு சென்றோரில் ஏறக்குறையப் பாதியளவில் இருந்தனர். தமிழ்நாட்டில் இதே முறையில் 2015இல் 20,000 வீடுகளில் நடந்த ஆய்வு, வெளிநாடு சென்றிருந்தோர் 22 லட்சம் என மதிப்பிட்டது. அவர்கள் சென்ற நாடுகளில் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா ஆகியவை முன்வரிசையில் நின்றன.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வாளர்களும் அதனை அறிவர். கதவைத் திறந்து பதில் சொல்ல ஒருவர் இருந்தால்தான் போனவர் எண்ணப்படுவார். குடும்பத்தோடு சென்று கதவைப் பூட்டிவிட்டவர் கணக்கில் விழமாட்டார். ஆகவே இவ்வாய்வுகளில் மிகத் தெளிவாகத் தெரியும் சபராளி, தனக்குரியோரை விட்டுச் சென்றவரே. அவர் விட்டுச் செல்வது எப்போதும் விருப்பத்தால் அன்று. வளைகுடா நாடுகளில் குடும்பத்தை அழைத்துச் செல்வதற்குக் குறைந்தபட்ச ஊதிய வரம்பு உண்டு; கூலித் தொழிலாளி அதை எட்டுவதில்லை. சவூதி அரேபியா 2017 ஜூலையில் சார்ந்திருப்போர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடனிருந்தால் மாதம் 1,600 ரியால். ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ குடும்பங்களின் பின்னணியில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஓர் அடுப்பு எங்கே எரிய வேண்டும் என்பதை வேறொரு நாட்டின் கட்டண அட்டவணை முடிவுசெய்கிறது.

யாருடைய அடுப்படியில்?

தொண்ணூறுகளின் இறுதியில் கேரளத்தில், கணவர் புலம்பெயர்ந்து சென்றதால் பிரிந்து வாழ்ந்த மனைவியர் ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் என இவ்வாய்வு மதிப்பிட்டது. ‘வளைகுடா மனைவியர்’ என்ற பெயரே வழக்கில் வந்துவிட்டது. அரபுக்கு இது புதிய செய்தி அன்று. கணவன் வெளியூர் சென்றிருக்கும் பெண்ணுக்கு ‘முஃகீபா’ என்றொரு தனிச்சொல் அம்மொழியில் உண்டு. பயணத்திலிருந்து மீள்பவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டினுள் நுழைய வேண்டாம், முஃகீபா தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கட்டும் என்ற கருத்தில் வரும் நபிமொழியில் இச்சொல் இடம்பெறுகிறது. வாணிபப் பயணம் மிகுந்த சமூகம், வீட்டில் காத்திருப்பவளுக்கும் ஒரு பெயரும் ஒரு மரியாதையும் வைத்திருந்தது.

காத்திருக்கும் இப்பெண்களின் நிலை உயர்ந்ததா, தாழ்ந்ததா? நம் மேடைகளில் இதற்கு இருவேறு பதில்கள் முழங்கும். பணம் வந்தது, பெண் வங்கிக்குப் போனாள், துணிவு பெற்றாள் என்பார் ஒரு சாரார். குடும்பமே சிதைந்தது என்பார் மறு சாரார். லீலா குலாத்தி 1993இல் வெளியிட்ட நூலில், ஆண்கள் சென்றுவிட்ட கேரள வீடுகளின் பெண்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். அவர்களை ஒரே பதிலுக்குள் அடக்க இயலாது என்பது அதைப் படிப்போருக்கு விளங்கும். சோனால்டே தேசாயும் மஞ்ஜிஷ்டா பானர்ஜியும் 2004–05இல் நாடெங்கும் 41,554 குடும்பங்களில் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து, 2008இல் இன்னும் கூர்மையான முடிவுக்கு வந்தனர். கணவர் சென்றதனால் மட்டும் பெண்ணின் நிலை மாறிவிடுவதில்லை. அவர் சென்றபின் அவள் எந்த வீட்டில் வாழ்கிறாள் என்பதே மாற்றத்தின் திறவுகோல். கூட்டுக்குடும்பத்தில் இல்லாத பெண்ணுக்குப் பொறுப்பும் மிகுகிறது; தானே முடிவெடுக்கும் உரிமையும் மிகுகிறது. கூட்டுக்குடும்பத்தில் வாழ்பவளுக்கு அவ்விரண்டுமே அந்த அளவுக்கு வருவதில்லை. கணவரின் இடத்தை அங்குள்ள பிறர் நிரப்பிவிடுகின்றனர். வரும் தொகை ஒன்றேயாயினும் அது யாருடைய அடுப்படிக்கு வருகிறது என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

இங்கே நம் கடற்கரை ஊர்களின் நினைவு எழுவது இயல்பு. இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் ஊர் மாறுவதற்கு முதற்காரணம் திருமணம் என்பதைக் கணக்கெடுப்பு அட்டவணைகள் காட்டுகின்றன. பெண் புகுந்த வீடு செல்வதே பொதுவிதி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மரைக்காயர் குடும்பங்களில் இவ்விதி தலைகீழானது. வீடு மகளுக்கு, மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவார். கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றை நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலறிஞர் டென்னிஸ் மெக்கில்வரே, அங்கும் முஸ்லிம்களும் தமிழர்களும் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதைப் பதிவுசெய்துள்ளார்.

ஆண்கள் கடலோடிகளாகவும் வணிகர்களாகவும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வெளியில் தங்கிய சமூகத்தில், பெண்ணைத் தாய் வீட்டில், சகோதரிகளின் அண்மையில் வைத்திருக்கும் இவ்வழக்கம் முஃகீபாவுக்கு ஓர் அரணாகவும் விளங்கியது. இதனை முழுப் புகழுரையாக்கிவிடவும் கூடாது. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்ற கடமையே தந்தையரையும் சகோதரர்களையும் மீண்டும் மீண்டும் சபருக்கு அனுப்புகிறது. கிழக்கிலங்கையிலிருந்து வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் முஸ்லிம் பெண்களிலும், மகளுக்கு ஒரு வீடு கட்டுவதற்காகச் செல்வோர் உண்டு. பெண்ணை வீட்டில் இருத்தப் பிறந்த வழக்கம், பெண்ணையே வீட்டைவிட்டு அனுப்பும் நிலைக்கும் வந்திருக்கிறது.

கணக்கு மனிதரை மாற்றும்

பதிவேட்டு விதி ஒரு வீட்டின் உள்வாழ்வை எவ்வளவு தூரம் தொடும் என்பதற்கு நம் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் (கி.பி. 634–644) ‘தீவான்’ எனும் உதவித்தொகைப் பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. அதில் குழந்தைகளுக்கும் பங்கு இருந்தது. ஆனால் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே என்பது தொடக்க விதி. ஓரிரவு நகர்வலத்தில் ஒரு குழந்தையின் ஓயாத அழுகையைக் கேட்டு உமர் (ரலி) காரணம் வினவியபோது, உதவித்தொகைக்காக உரிய காலத்திற்கு முன்பே பாலை மறக்கடிப்பதாகத் தாய், கேட்பவர் யாரென்று அறியாமல் சொன்னார். அதன்பின் பிறந்த நாள் முதலே தொகை என விதி மாற்றப்பட்டது. இப்னு ஸஅதின் ‘தபகாத்’ இதனைப் பதிவுசெய்திருக்கிறது. பட்டியலில் எழுதப்பட்ட ஒரு தகுதி விதி, தொட்டில் வரை சென்று குழந்தையின் பாலை நிறுத்தியது.

படைக்குச் சென்றோரின் மனைவியர் பற்றிய செய்தியும் நாம் அறிந்ததே. கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் ஏக்கத்தைச் செவியுற்ற உமர் (ரலி), ஒரு பெண் எவ்வளவு காலம் பிரிவைத் தாங்குவாள் எனத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, அதற்கேற்பப் படைவீரர்கள் வெளியில் இருக்கும் காலத்திற்கு எல்லை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. கால அளவைவிட அந்த நடைமுறையே என் கவனத்தை ஈர்க்கிறது. விதி வகுக்குமுன், பாதிக்கப்படுவோரின் நிலையை அறிந்த ஒருவரிடம் கேட்டார்கள். ஆய்வு என்று இன்று நாம் சொல்வதன் சாரம் இதுவே.

கேட்க வேண்டியவை இன்றும் பெருகிக்கொண்டே செல்கின்றன. கேரளத்தின் 2023ஆம் ஆண்டுச் சுற்றில், வெளிநாடு சென்ற மாணவர் தொகை ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய இருமடங்காகி 2.5 லட்சத்தை எட்டியிருந்தது. 2011இலேயே கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினரும் தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஒரு தலைமுறைக்கு முன் காத்திருந்தவள் மனைவி. இனிக் காத்திருக்கப்போவது பெற்றோர். கணவன் அனுப்பிய பணத்தை வாங்கி வீட்டை நடத்திய பெண்ணே, மகன் அனுப்பும் பணத்தைச் செலவிட ஆளின்றி அதே வீட்டில் தனித்திருப்பாள். அவளை எண்ணும் நமது கட்டங்கள் ஆயத்தமாக உள்ளனவா?

மீண்டும் பதிவேட்டுக்கு

ஃபிக்ஹு நூல்களில் நஃபகா எனும் பராமரிப்புக் கடமையின் பாடம் கதவு எண்ணைக் கேட்பதில்லை. வறிய பெற்றோர் எந்த ஊரில் இருந்தாலும் வசதியுள்ள பிள்ளைகள் மீது அவர்களுக்கு உரிமை உண்டு. கணவன் எந்த நாட்டில் இருந்தாலும் மனைவியின் செலவு அவன் பொறுப்பு. இயால் எனும் சொல்லின் அளவை இது. தலைக்கட்டு வரி வாங்கப் பயன்படும். அடுப்பு அரிசி அளக்கப் பயன்படும். யார் யாருக்குப் பொறுப்பாளி, அப்பொறுப்பு நிறைவேறுகிறதா என்றறிய இயாலே பயன்படும். மூன்றும் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்த்துவிடுவதில்தான் பிழை நேர்கிறது.

நீண்ட உரையாடலுக்குப் பின் எங்கள் புதிய பதிவேட்டில் மூன்று கட்டங்கள் கூடின: இவ்வீட்டில் இரவு தங்குவோர் யார், எந்த அடுப்பிலிருந்து உணவு, செலவைத் தருபவர் யார், எங்கிருந்து. தலைவர் பெயர் எழுதும் கட்டத்தை எடுத்துவிட வேண்டுமென்று நான் வாதாடவில்லை; வாதாடியிருந்தால் வென்றிருக்கவும் மாட்டேன். பெரியவர்களில் ஒருவர், “இதெல்லாம் வீட்டுக்குள்ள விசயமாச்சே ஹஜ்ரத், எழுதலாமா?” எனத் தயங்கினார். நியாயமான தயக்கம், ஆகவே அக்கட்டங்கள் மட்டும் தனி ஏட்டில், பொறுப்பாளர் இருவர் மட்டுமே பார்க்கும்படி வைக்கப்பட்டன.

அந்த மூதாட்டியின் வீட்டுக்கு இரண்டாம் முறை சென்றபோது, திண்ணையில் அமர்ந்து பதிவேட்டை விரித்தோம். இளைஞர் பெயர் கேட்டார். மூதாட்டி தம் மறைந்த கணவரின் பெயரைச் சொன்னார். “உங்க பேரும்மா” என்றார் இளைஞர் மறுபடியும். அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தம் பெயரைச் சொன்னார். இத்தனை ஆண்டுகளாக ஒரே தெருவில் வாழ்ந்தும் அப்பெயரை அன்றுதான் நான் அறிந்துகொண்டேன்.